அந்த ஆபீஸில் என்னதான் வேலை நடக்கிறது?

யூடியூபுக்கும் ஓ.டி.டி. தளங்களுக்கும் ஆபீஸ் காமெடித் தொடர்கள் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் தொடர்களை விடாமல் பார்க்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். வசனத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மதுரைக்காரர் மதுரைக்காரராகப் பேசுகிறார், கோவைக்காரர் கோவைக்காரராகப் பேசுகிறார். எங்கள் காலத்து டி.வி. நாடகங்களில் எல்லோரும் மேடையில் நின்று பேசுவது போலப் பேசுவார்கள். அதிலிருந்து நீங்கள் வெகு தூரம் வந்துவிட்டீர்கள்.

என் குறை வேறு. ஆறேழு எபிசோட் பார்த்து முடித்த பிறகும் அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது, யாருக்கு எதை விற்கிறது, கதாநாயகன் காலையில் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து என்னதான் செய்கிறான் என்று எனக்குத் தெரிவதில்லை. கண்ணாடிக் கேபின் இருக்கிறது, காபி மெஷின் இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது. மேனேஜர் கத்துகிறார். எச்.ஆர். பெண்ணை இரண்டு பேர் காதலிக்கிறார்கள். இதே கதையைக் கல்லூரி கேன்டீனிலோ அபார்ட்மென்ட் வாசலிலோ நடத்தினாலும் ஒரு வரி மாற்ற வேண்டியிருக்காது. மாதச் சம்பளம் வாங்குகிற மனிதர்களைப் பற்றிய தொடரில் சம்பளம் என்ற பேச்சே வருவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

உங்களில் பலருக்கு ஆபீஸ் காமெடி என்றால் அமெரிக்க ‘தி ஆபீஸ்’தான் வேதம். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். அதற்கு 35 வருஷம் முன்னால் போவோம்.

1970 செப்டம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘தி மேரி டைலர் மூர் ஷோ’ தொடங்கியது. உருவாக்கியவர்கள் ஜேம்ஸ் எல். புரூக்ஸ், ஆலன் பர்ன்ஸ். மினியாபொலிஸ் நகரத்தில் டபிள்யூ.ஜே.எம். என்று ஒரு கற்பனை டி.வி. நிலையம், அதன் செய்திப் பிரிவு. முதல் எபிசோடில் முப்பது வயது மேரி ரிச்சர்ட்ஸ் செக்ரட்டரி வேலைக்கு இன்டர்வியூ வருகிறாள். எதிரே செய்திப் பிரிவின் தலைவர் லூ கிராண்டாக எட் ஆஸ்னர், சிடுமூஞ்சி. எடுத்த எடுப்பில் உன் மதம் என்ன என்று கேட்கிறார். வேலைக்கு வருகிறவரிடம் அதைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று அவள் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். சட்டத்தைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று அடுத்த கேள்விக்குத் தாவுகிறார். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க, அவள் சட்டென்று தன் சர்ச் பிரிவின் பெயரைச் சொல்லிவிடுகிறாள்! கேட்கக்கூடாத இரண்டு கேள்விகளில் எது குறைவாக வலிக்கும் என்று ஒரு பெண் அரை நொடியில் கணக்குப் போடுகிறாள். அதுதான் சிரிப்பு.

அதோடு முடியவில்லை. செக்ரட்டரி வேலைக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாகிவிட்டது, துணைத் தயாரிப்பாளர் வேலை இருக்கிறது என்கிறார் லூ. பதவி பெரிது. சம்பளமோ செக்ரட்டரி வேலையைவிட வாரத்துக்குப் பத்து டாலர் குறைவு. பதினைந்து டாலர் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் தயாரிப்பாளராகவே ஆக்கிவிடுகிறேன் என்றும் சொல்கிறார். தன் வசதிக்குத் துணைத் தயாரிப்பாளர் பதவிதான் கட்டுப்படியாகும் என்கிறாள் மேரி.

அப்ரைசல் முடிந்து டிசிக்னேஷன் மட்டும் ஏறி, கைக்கு வரும் பணம் அப்படியே நிற்கிற அனுபவம் ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் யாருக்கும் புதிதில்லை. அதை வைத்து அவர்கள் 1970இலேயே ஒரு நாயகியை அறிமுகப்படுத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து 1972இல் ஒரு எபிசோட். தனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்த ஆண் வாரத்துக்கு 50 டாலர் கூடுதலாக வாங்கினார் என்று மேரிக்குத் தெரியவருகிறது. ஏன் என்று கேட்கிறாள். அவர் குடும்பஸ்தர் என்கிறார் லூ. அப்படியானால் மூன்று பிள்ளை பெற்றவருக்கு இரண்டு பிள்ளைக்காரரைவிடச் சம்பளம் அதிகமாகத் தர வேண்டுமே என்று அவள் திருப்பிக் கேட்க, அவரிடம் பதில் இல்லை. மேடைப் பேச்சு எதுவும் இல்லாமல், ஒரு கணக்கை அதன் எல்லை வரை இழுத்துப் போய் உடைக்கிறார்கள். இதை எழுத முடிந்ததற்கு ஒரு காரணம், அந்தத் தொடரில் பெண் எழுத்தாளர்கள் பலர் இருந்தார்கள். ட்ரீவா சில்வர்மன் அதில் எழுதியதற்காக 1974இல் எம்மி விருது வாங்கினார். உங்கள் எழுத்தறையில் எத்தனை பெண்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஏழு சீசன் ஓடி 1977 மார்ச்சில் அதை முடித்தார்கள். முடித்த விதத்தைப் பாருங்கள். நிலையத்துக்குப் புது நிர்வாகம் வருகிறது, ரேட்டிங் சரியில்லை என்று எல்லோரையும் வேலையை விட்டு அனுப்புகிறது. மிஞ்சுகிறவர் ஒரே ஒருவர்தான், டெட் பாக்ஸ்டர் என்கிற செய்தி வாசிப்பாளர். செய்தியைத் தப்பும் தவறுமாக வாசித்து, ரேட்டிங் விழுவதற்கே காரணமாக இருந்த மகானுபாவர். ஆட்குறைப்பைப் பார்த்த யாரும் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

புரூக்ஸும் அவர் கூட்டாளிகளும் பிறகு செய்த ‘டாக்ஸி’ (1978–83) நியூயார்க்கில் ஒரு வாடகைக் கார் ஷெட்டில் நடக்கிறது. 1975இல் ‘நியூயார்க்’ இதழில் மார்க் ஜேக்கப்ஸன் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு எடுத்தது. முதல் எபிசோடிலேயே அலெக்ஸ் என்ற டிரைவர் புதிதாக வந்தவளுக்கு ஒவ்வொருவரையும் காட்டுகிறான். இவன் நடிகன், அவன் குத்துச்சண்டை வீரன், இங்கே டிரைவர் என்று இருப்பவன் நான் ஒருவன்தான் என்கிறான். கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டிச் சாவியைத் தருகிற, தராமலும் இருக்கிற டிஸ்பாட்சர் லூயியாக டேனி டெவிடோ. எல்லா அதிகாரமும் அந்த ஒரு கூண்டுக்குள். சென்னையில் ராத்திரி பதினொரு மணிக்கு உங்களுக்குப் பிரியாணி கொண்டுவருகிற பையனிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவனும் தன்னை டெலிவரி பாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டான். யு.பி.எஸ்.சி. படிக்கிறேன் என்பான், அசிஸ்டென்ட் டைரக்டர் என்பான். அவனை அதட்டுகிற டிஸ்பாட்சர் மட்டும் இப்போது போனுக்குள் இருக்கிறார்.

இங்கிலாந்துப் பக்கம் ‘ஆர் யூ பீயிங் சர்வ்ட்?’ என்று ஒன்று. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்ஸ் படுகொலையால் பி.பி.சி.யின் நிகழ்ச்சி அட்டவணையில் விழுந்த ஓட்டையை அடைக்க அதன் முதல் எபிசோடை ஒளிபரப்பினார்கள், பிறகு 1985 வரை ஓடியது. கிரேஸ் பிரதர்ஸ் என்ற பெரிய ஜவுளிக் கடை. எழுதிய இருவரில் ஜெரமி லாய்ட் லண்டனில் சிம்ப்சன்ஸ் கடையில் நிஜமாகவே துணி விற்றவர். அதனால்தான் எந்த வாடிக்கையாளரை யார் முதலில் அணுகலாம், சீனியர் இருக்கும்போது ஜூனியர் வாய் திறக்கலாமா, தளக் கண்காணிப்பாளர் கண் அசைத்தால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் அதில் துல்லியமாக இருக்கும். அதன் இரட்டை அர்த்த ஜோக்குகள் இன்று தாங்கவில்லை, அதை ஒதுக்கிவிடுங்கள். நமக்குத் தி.நகர் இருக்கிறது. மாடிக்கு மாடி செக்‌ஷன், செக்‌ஷனுக்கு ஒரு சூப்பர்வைசர். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே செய்ய வேண்டியிருந்தது. நாற்காலி வந்துவிட்டது, அதில் யார், எப்போது, எத்தனை நிமிஷம் உட்காரலாம்? ஒரு முழு சீசன் அதற்குள் இருக்கிறது. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) அந்த உலகத்தின் அழுகையைக் காட்டியது. அதன் சிரிப்பை எழுத நான் பார்த்தவரை யாரும் உட்காரவில்லை.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்ததற்கு வருகிறேன். ‘பார்னி மில்லர்’, ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1975 முதல் 1982 வரை. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ஒரு காவல் நிலையம், மாடியில் துப்பறிவாளர்களின் அறை. கேமரா அந்த அறையை விட்டு வெளியே போவது அபூர்வம். துரத்தல் கிடையாது, துப்பாக்கிச் சண்டை கிடையாது. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டேனி ஆர்னால்டின் துணிச்சல் அதில்தான். போலீஸ் என்றாலே வெளியில் ஓடுவது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் ஓடி முடித்து வந்த பிறகு நடப்பதை எடுத்தார். நான்கைந்து மேஜை, ஓரத்தில் ஒரு லாக்கப், கழிப்பறைக் கதவு, சதா கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு காபிப் பானை. பிடித்து வந்தவனை உட்கார வைத்து, பெயர், முகவரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டைப் அடிப்பார்கள். புகார் கொடுத்தவரும் குற்றம் செய்தவரும் ஒரே அறையில் காத்திருப்பார்கள், நடுவில் அவர்களுக்குள்ளேயே பேச்சு ஆரம்பித்துவிடும். நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்த 1975இல், போலீஸ்காரர்களையே வேலையை விட்டு நிறுத்துகிற எபிசோட் ஒன்று வந்தது. ஊரில் நடந்தது நேராக அறைக்குள் வந்தது.

சிகாகோவில் பல வருஷம் போலீஸ்காரராக இருந்து பிறகு நடிகரான டென்னிஸ் ஃபரினா, டி.வி.யில் வந்த போலீஸ் தொடர்களிலேயே நிஜத்துக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று சொல்லியிருக்கிறார். அதிரடித் தொடர்களை எல்லாம் விட்டுவிட்டு ஒரு காமெடியைச் சொன்னார். காகித வேலையை அதில்தான் காட்டினார்கள், அதனால்.

அந்தக் காபியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போடுகிறவர் துப்பறிவாளர் யெமானா, நடித்தவர் ஜாக் சூ. ஜப்பானிய அமெரிக்கர், இரண்டாம் உலகப் போரின்போது யூட்டா மாநிலத்தில் டோபாஸ் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். அவர் போடும் காபியை வாயில் வைக்க முடியாது. ஆனால் யாரும் குடிக்காமல் இருப்பதில்லை, அவரும் போடாமல் இருப்பதில்லை. வருஷக்கணக்கில் இந்த ஒரே ஜோக். 1979 ஜனவரியில் ஜாக் சூ புற்றுநோயால் இறந்துபோனார். அந்த சீசனின் கடைசியில் நடிகர்கள் கதாபாத்திர வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு அந்த அறையிலேயே உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். முடிவில் எல்லோரும் காபிக் கோப்பையை அவருக்காக உயர்த்தினார்கள். தினமும் நடக்கிற ஒரு சின்ன விஷயத்தை நேர்மையாகக் காட்டிக்கொண்டே வந்தால், அது ஒருநாள் இவ்வளவு பாரத்தைத் தாங்கும்.

நம் ஊர் ஸ்டேஷனில் ‘ரைட்டர்’ என்று ஒருவர் இருக்கிறார். எஃப்.ஐ.ஆர். எழுதுவது, சி.எஸ்.ஆர். போடுவது, யாருக்கு எங்கே பந்தோபஸ்து என்று டூட்டி பிரிப்பது, நீதிமன்றத்துக்குக் கட்டு அனுப்புவது எல்லாம் அவர் தலையில். நம் சினிமா போலீஸ் பறந்து பறந்து அடிக்கிறது. ரைட்டர் மேஜையில் ஒரு நாள் முழுக்கக் கேமராவை வைத்துப் பாருங்கள்.

இந்த மாதிரி உள்விவகாரம் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வராது. ‘யெஸ் மினிஸ்டர்’ (1980–84), அதன் தொடர்ச்சியான ‘யெஸ் பிரைம் மினிஸ்டர்’ (1986–88) இரண்டையும் எழுதிய ஆன்டனி ஜேயும் ஜானதன் லின்னும் பிரதமர் ஹெரால்ட் வில்சனிடம் வேலை பார்த்த மார்சியா ஃபால்கெண்டர், பெர்னார்ட் டோனஹ்யூ போன்றவர்களிடம் பேசிப் பேசித்தான் எழுதினார்கள். 1981இல் வந்த எபிசோட் ஒன்றில் லண்டனில் புத்தம்புது மருத்துவமனை, நிர்வாகத்துக்கும் எடுபிடிக்குமாக 500 பேர். நோயாளி ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் டாக்டர்களையும் நர்ஸுகளையும் நியமிக்கப் பணம் இல்லை. அமைச்சர் ஹேக்கர் பதறுகிறார். செயலாளர் சர் ஹம்ஃப்ரி நிதானமாக, நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று என்கிறார். சுகாதாரத்துக்கான விருதுக்கே அதன் பெயர் போயிருக்கிறது! இதில் சிரிப்பு வருவது ஹம்ஃப்ரி முட்டாள் என்பதால் அல்ல, அவர் வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதால். உங்கள் மேனேஜர்கள் எல்லோரும் மண்டூகங்களாகவே இருக்கிறார்கள். கெட்டிக்கார மேனேஜர் ஒருவரை எழுதிப் பாருங்கள், இன்னும் பயமாகவும் இருக்கும், இன்னும் சிரிப்பாகவும் இருக்கும். மார்கரெட் தாட்சருக்கு இந்தத் தொடர் ரொம்பப் பிடிக்கும், 1984இல் ஹேக்கராகவும் ஹம்ஃப்ரியாகவும் நடித்த இருவரோடு சேர்ந்து ஒரு சின்ன நாடகம்கூட நடித்துவிட்டார். கேலிக்கு உள்ளாகிறவர்களே மேடையேறி ரசிப்பது எழுத்தாளனுக்கு மரியாதையா, தோல்வியா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

இந்தியில் ‘ஜி மந்த்ரிஜி’ என்று ஃபரூக் ஷேக்கை வைத்து 2001இல் இதை எடுத்தார்கள். அதே வருஷம் சப் டி.வி.யில் வந்த ‘ஆபீஸ் ஆபீஸ்’ என் கணக்கில் அதைவிடப் பெரிய சாதனை, ஏனென்றால் அது கவுன்டருக்கு வெளியே நிற்கிறவனின் கதை. பங்கஜ் கபூர் முசத்திலால் என்கிற எளிய மனிதர். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு அலுவலகத்துக்குப் போகிறார். அலுவலகம் மாறுகிறது, உள்ளே இருக்கும் முகங்கள் மட்டும் மாறுவதில்லை! மனோஜ் பஹ்வாவின் பாட்டியா தின்றுகொண்டே இருக்கிறார், சஞ்சய் மிஸ்ராவின் சுக்லா வெற்றிலையை மென்றுகொண்டே இருக்கிறார். எந்தக் கதவைத் தட்டினாலும் அதே ஆட்கள் என்ற இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு மாலை போடலாம். தகவல் உரிமைச் சட்டம் வர அப்போது இன்னும் நான்கு வருஷம் இருந்தது.

சரி, உங்கள் வேதத்துக்கு வருவோம். ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சண்டும் 2001இல் பி.பி.சி.யில் செய்த மூல ‘தி ஆபீஸ்’ பன்னிரண்டே எபிசோட், பிறகு கிறிஸ்துமஸுக்கு இரண்டு பகுதிகளாக ஒரு சிறப்பு நிகழ்ச்சி, அவ்வளவுதான். நீங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது கேமராவைத் திரும்பிப் பார்க்கிற பார்வையை. முதல் எபிசோடில் நடப்பதை விட்டுவிட்டீர்கள். ஸ்லவ் கிளை, ஸ்விண்டன் கிளை இரண்டில் ஒன்றை மூடப்போகிறோம், ஆட்குறைப்பு உண்டு என்று தலைமையகம் சொல்லிவிடுகிறது. யாருக்கும் வேலை போகாது என்று ஸ்லவ் கிளை மேனேஜர் டேவிட் பிரென்ட் எல்லோருக்கும் வாக்குக் கொடுக்கிறார். அதன்பின் அவர் அடிக்கும் ஒவ்வொரு அசட்டு ஜோக்குக்கும் மற்றவர்கள் சிரிக்க வேண்டியிருப்பது ஏன் என்று நமக்குத் தெரியும். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் கேமராப் பார்வை வெறும் முகச்சேட்டை.

அமெரிக்கர்கள் 2005இல் முதல் எபிசோடை ஏறக்குறைய அப்படியே நகலெடுத்தார்கள், எடுபடவில்லை. அடுத்த சீசனில் ஒரு காரியம் செய்தார்கள். வாடிக்கையாளர் ஒருவரைப் பேப்பர் கம்பெனியின் கிளை மேனேஜர் மைக்கேல் ஸ்காட் சாப்பிட அழைத்துப் போகிறார். வேலையைப் பேசாமல், அசட்டு ஜோக் அடித்து, நேரத்தை ஓட்டுகிறார். கூட வந்த மேலதிகாரி தலையில் அடித்துக்கொள்கிறாள். ராத்திரி முடியும்போது ஒப்பந்தம் கைக்கு வந்துவிடுகிறது. மேனேஜராக உதவாக்கரையான அந்த மனிதர் பேப்பர் விற்பதில் சூரர் என்று நாம் கண்ணால் பார்க்கிறோம். நல்ல விற்பனையாளரை மேனேஜர் ஆக்கி இரண்டையும் கெடுத்த கம்பெனி என்று புரிகிறது. அதற்கப்புறம்தான் அந்தத் தொடர் 201 எபிசோட் வரை போனது.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. 1977இல் வந்த ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ ஒவ்வொரு நாட்டுக்காரரையும் ஒரு கோமாளித்தனமாகச் சுருக்கிவிட்டுச் சிரித்தது, அதில் இந்தியர்களும் உண்டு. அதை நாமும் விழுந்து விழுந்து பார்த்தோம், இந்தியில் இதே பங்கஜ் கபூரை வைத்து ‘ஜபான் சம்பால்கே’ என்று எடுத்து மதராசியையும் சேர்த்துக்கொண்டோம். சமீபத்திய தமிழ்த் தொடர்களில் வடமாநிலத் தொழிலாளியும் குண்டாக இருக்கும் அக்கவுன்டன்டும் வந்தாலே ஜோக் என்று இருப்பது அந்தப் பள்ளிக்கூடத்துப் பாடம்தான்.

வெளிநாட்டுக் கதையாகவே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் ஆல் இன் ஆல் அழகுராஜாவின் சைக்கிள் கடை வேறென்ன? ஒரு முதலாளி, ஒரு வேலைக்காரன், வாடகைக்குப் போகும் பெட்ரோமாக்ஸ் விளக்கு. ஒருமுறை எரிந்த மேன்டில் கை பட்டதும் பொடிப்பொடியாகிவிடும் என்ற தொழில் உண்மைதான் அந்தக் காட்சிக்கு அச்சாணி. செந்தில் அதைப் பிசைகிறார், கவுண்டமணிக்கு வியாபாரம் போகிறது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் வடிவேலுவின் கான்ட்ராக்டர் நேசமணியும் அப்படித்தான், பெயின்ட் வேலைக்கு எடுத்த ஆட்களை வைத்துக்கொண்டு படாதபாடு படுகிறவர். 2019இல் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டுப் பெயர் கேட்கப்போய், பதினெட்டு வருஷம் முன்னால் அவர் தலையில் விழுந்த சுத்தியல் உலகம் முழுக்க டிரெண்ட் ஆனது. கவுண்டமணிக்கும் வடிவேலுவுக்கும் எழுதியவர்களுக்கு அந்தத் தொழில்கள் தெரிந்திருந்தன. உங்களுக்கு ஐ.டி. தெரியும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் ஐ.டி. கார்டைத் தட்டும்போது மனதில் என்ன ஓடும், நைட் ஷிப்ட் கேபில் கடைசியாக இறங்குகிற பெண்ணுக்கு எஸ்கார்ட் வரவில்லை என்றால் என்ன நடக்கும், நோட்டீஸ் பீரியடில் இருப்பவனிடம் டீம் லீட் எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை ஏன் எழுதுவதில்லை?

தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பீர்கள். அவரிடம் ‘பார்னி மில்லர்’ செட்டின் படத்தைக் காட்டுங்கள். ஒரு அறை, எட்டு சீசன். இதைவிடச் சிக்கனமான யோசனையை அவரிடம் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அடுத்த தொடருக்கு உட்காரும் முன் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில், ஒரு பத்திர எழுத்தர் பக்கத்தில், சில நாள் போய் உட்காருங்கள். அல்லது உங்களுக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், ஒரு கண்டக்டர், ஒரு வங்கிக் காசாளர் யாரிடமாவது அவர்களுடைய ஒரு நாளை மணிவாரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் எபிசோட் எழுதி முடித்ததும் அதை அந்த வேலையைச் செய்கிறவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எங்கே சிரிக்கவில்லையோ அங்கே திருத்துங்கள். தயாரிப்பாளரிடம் அதற்குப் பிறகு போகலாம்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்